தனி இணையதளம் எப்போது தேவை?

(அரசு மற்றும் பொதுத்துறை அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

புதிய திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் அதற்கெனத் தனிப் பெயர்ப் பலகை ஒன்று வேண்டும் என்ற எண்ணம் இந்திய நிர்வாகத்தில் நெடுங்காலமாகவே இருந்து வருகிறது. முன்னாட்களில் அது தனிப் பிரிவு, தனி முத்திரை, தனிக் கடிதத்தாள் என்ற வடிவங்களை எடுத்தது. ஓர் அலுவலகத்தின் மாடிப்படி ஏறிச் சென்றால் நான்கு திட்டங்களுக்கு நான்கு பலகைகள் தொங்கும். உள்ளே அதே இரண்டு எழுத்தர்கள் நான்கு பதிவேடுகளையும் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். இன்று அந்தப் பலகை இணையத்திற்கு இடம் மாறியிருக்கிறது. திட்டம் ஒன்று தொடங்கினால் அதன் பெயரில் ஓர் இணையதளமும் தொடங்கவேண்டும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. தொழில்நுட்பத்தார் ‘மைக்ரோசைட்’ என்றழைக்கும் இச்சிறுதளம் உண்மையில் எப்போது தேவைப்படுகிறது, எப்போது அது வெறும் பலகையாகவே நின்றுவிடுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

இக்கேள்வி கணினிப் பிரிவுக்கு மட்டும் உரியதன்று. தளம் அமைப்பதற்கான முன்மொழிவு கோப்பில் ஏறும்போது அதற்கு ஒப்புதல் அளிப்பவர் பெரும்பாலும் கணினி வல்லுநர் அல்லர். துறையின் செயலாளரோ, வாரியத்தின் மேலாண்மை இயக்குநரோ, மாவட்ட ஆட்சியரோதான். அவர் தீர்மானிக்கவேண்டியது நிர்வாக விஷயம். குடிமகன் எந்த வாயில் வழியாக உள்ளே வரவேண்டும் என்ற விஷயம்.

இந்திய அரசு நிர்வாகத்தில் கணினி வலையமைப்பின் வரலாறு 1976ஆம் ஆண்டில் தேசியத் தகவலியல் மையம் நிறுவப்பட்டதிலிருந்து தொடங்குகிறது. 1980களில் அம்மையத்தின் ‘நிக்நெட்’ என்னும் வலையமைப்பு செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களை இணைத்தது. அப்போது தகவல் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்திற்குச் சென்றது; குடிமகன் அதன் வழியில் நிற்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் அமைச்சகங்கள் இணையதளங்களைத் திறக்கத் தொடங்கின. 2005ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு திருப்புமுனை. அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது அதிகார அமைப்புகள் தம்மைப் பற்றிய விவரங்களை எவரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதே ஆண்டு நவம்பரில் இந்தியாவின் தேசிய இணைய வாயிலும் திறக்கப்பட்டது. அரசுத் தளங்கள் எவ்வாறு அமையவேண்டும் என்ற வழிகாட்டி நெறிமுறைகள் 2009இல் முதன்முதலாக வகுக்கப்பட்டன. அவற்றின் மூன்றாம் பதிப்பு 2023இல் வெளிவந்தது. 2025 பிப்ரவரியில் மைய அரசின் தளங்கள் யாவும் ஒரே தோற்றமுடையவையாக இருக்கவேண்டும் என்ற நோக்கத்துடன் தனிக் கையேடு ஒன்றும் வெளியிடப்பட்டது. தளங்களைப் பெருக்கும் காலம் முடிந்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் காலம் தொடங்கியிருப்பதை இவ்வரிசை காட்டுகிறது எனலாம்.

மேலே செல்லும் முன் சில சொற்களைப் பிரித்துக்கொள்வது நன்று. ஒரு நிறுவனத்தின் முதன்மைத் தளத்தில் ஒரு பக்கத்தையோ பல பக்கங்கள் கொண்ட ஒரு பகுதியையோ சேர்ப்பது ஒரு வகை. அந்நிறுவனத்தின் முகவரியையே வாலாகக் கொண்டு, முன்னால் ஒரு சொல்லை மட்டும் சேர்த்துத் துணை முகவரி அமைப்பது இரண்டாவது வகை. முற்றிலும் புதிய டொமைன் பெயரைப் பதிவு செய்துகொண்டு தனித் தளம் நிறுவுவது மூன்றாவது. இவை மூன்றும் குடிமகனின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே தோன்றலாம். ஆனால் செலவிலும் பொறுப்பிலும் பெரும் வேற்றுமை உண்டு. இவற்றுக்கும் அப்பால் விண்ணப்பம், பதிவு, பணப் பட்டுவாடா ஆகியவற்றை நடத்தும் சேவைத் தளங்கள் உள்ளன. அவை தகவல் பலகைகளல்ல. தமக்கென்று தரவுத்தளமும் பணியாளர்களும் உடைய இயந்திரங்கள். விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்கும் பிரதமர் கிசான் திட்டத்தின் தளம் இவ்வகையைச் சேர்ந்தது. அதற்குத் தனி இடம் தேவை என்பதில் எவருக்கும் ஐயமிருக்க முடியாது. ஐயத்திற்குரியவை, சேவை எதையும் நடத்தாமல் செய்தியை மட்டும் சொல்லும் சிறுதளங்களே.

இவை தோன்றுவதற்கான காரணங்களை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது. முதன்மைத் தளத்தில் ஒரு பக்கத்தை மாற்றவேண்டுமானால் மூன்று மேசைகளில் ஒப்புதல் பெறவேண்டியிருக்கிறது. புதுத் தளம் என்றால் ஒப்பந்ததாரரிடம் தொலைபேசியில் சொன்னால் போதும். திட்டத்தின் தொடக்க விழாவில் ஒரு பொத்தானை அழுத்தித் திறந்துவைப்பதற்கு ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. விளம்பரத் தலைப்பில் நிதி இருக்கிறது. மார்ச் மாதத்திற்குள் அது செலவாகவேண்டும். இவை யாவும் நடைமுறையில் உண்மையான காரணங்களே. ஆயினும் இவற்றில் ஒன்றுகூடக் குடிமகனின் தேவையிலிருந்து பிறந்ததன்று. குறிப்பாக முதற்காரணம் கவனிக்கத்தக்கது. முதன்மைத் தளத்தின் ஒப்புதல் முறை மந்தமாக இருக்கிறது என்பதற்காகப் புதுத் தளம் திறப்பது, பூட்டு சரியாகத் திறக்கவில்லை என்பதற்காகச் சுவரை இடித்து வேறு வாசல் வைப்பதைப் போன்றது. பூட்டைப் பழுது பார்க்கும் வேலை அப்படியே நின்றுவிடுகிறது.

தனி இடம் தேவை என்பதற்கு ஐயமற்ற எடுத்துக்காட்டைத் தேடினால், தேர்தல் ஆணையத்தின் முடிவுத் தளத்தைக் கூறலாம். நாடாளுமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை 2024 ஜூன் 4ஆம் நாள் நடைபெற்றது. மொத்தம் 543 தொகுதிகள். சூரத்தில் வேட்பாளர் போட்டியின்றித் தேர்வு பெற்றுவிட்டதால் 542 தொகுதிகளில் எண்ணிக்கை. காலை 8 மணிக்கு எண்ணிக்கை தொடங்கியதும் நாடு முழுவதும், ஏன், வெளிநாடுகளிலும் உள்ளவர்கள் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியுடன் ஆணையத்தை நாடுகிறார்கள். செய்தி நிறுவனங்களும் அதையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. தேர்தல் நடத்தும் அலுவலர்கள் சுற்றுவாரியாகப் பதிவு செய்யும் எண்கள் சில நிமிடங்களுக்கொருமுறை மாறிக்கொண்டே இருக்கின்றன. இத்தகைய நெரிசல் ஆண்டின் மற்ற நாட்களில் அத்தளத்திற்கு இல்லை.

அதே நாளில் ஆணையத்தின் முதன்மைத் தளத்திற்கு வேறு வேலைகளும் உண்டு. வாக்காளர் பட்டியல் தொடர்பான விதிகள், ஆணையத்தின் சுற்றறிக்கைகள், கடந்த தேர்தல்களின் புள்ளிவிவர அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடி வருபவர் அன்றும் வருகிறார். இரு கூட்டத்தையும் ஒரே வாயிலில் விட்டால் இரண்டுமே நின்றுவிடும். ஆகவே முடிவுகளுக்கென்று ‘ரிசல்ட்ஸ்’ என்ற சொல்லை முன்னொட்டாகக் கொண்ட துணை முகவரியில் தனித் தளம் இயங்குகிறது. நெரிசல் அந்த ஒரு தளத்தின் சர்வர்களோடு நின்றுவிடும்படி ஏற்பாடு செய்ய முடிகிறது. பக்கங்களும் மிக எளிமையானவை: கட்சி, தொகுதி, முன்னிலை, வெற்றி. அமைச்சர் படமோ, ஓடும் எழுத்துக்களோ, நிறுவன வரலாறோ அங்கு இல்லை. கைப்பேசியில், பலவீனமான இணைப்பில், பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு பார்ப்பவருக்கும் அது திறக்கிறது.

இங்கே கவனிக்கவேண்டிய இன்னொரு நுட்பம் உண்டு. தனித் தளம் வேண்டும் என்று ஆணையம் தீர்மானித்ததே தவிர, தனிப் பெயர் வேண்டும் என்று தீர்மானிக்கவில்லை. முகவரியின் வால் ஆணையத்தின் வாலே. ‘கவ்.இன்’ என்று முடியும் பெயர்கள் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே வழங்கப்படுகின்றன. ஆகவே பார்ப்பவர் அதன் உண்மைத்தன்மையைப் பெயரைக் கொண்டே தீர்மானிக்க இயலும். தேர்தல் நாளில் பரவக்கூடிய பொய்ச் செய்திகளின் அளவைக் கருதும்போது இது சிறிய விஷயமன்று. வாக்காளர் சேவைகளுக்கென 2015இல் தொடங்கப்பட்ட தளம் முதலில் ‘என்விஎஸ்பி.இன்’ என்ற முற்றிலும் தனியான முகவரியில் இருந்தது. பின்னர் அதுவும் ஆணையத்தின் துணை முகவரி ஒன்றின்கீழ் கொண்டுவரப்பட்டது. அனுபவம் எந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது என்பதற்கு இது ஓர் அடையாளம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வேறு வகையானது. இந்தியா ஜி-20 நாடுகளின் தலைமைப் பொறுப்பை 2022 டிசம்பர் 1 முதல் 2023 நவம்பர் 30 வரை வகித்தது. அதற்கான சின்னமும் இணையதளமும் 2022 நவம்பர் 8ஆம் நாள் வெளியிடப்பட்டன. இதற்குத் தனித் தளம் அவசியமாயிருந்தது. பல அமைச்சகங்களும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியை எந்த ஒரு துறையின் தளத்திற்குள்ளும் அடக்க முடியாது. பார்ப்பவர்களும் வேறு: அயல்நாட்டுப் பிரதிநிதிகள், பத்திரிகையாளர்கள், ஆராய்ச்சி மாணவர்கள். தொடக்க நாளும் முடிவு நாளும் முன்கூட்டியே தெரிந்தவை. உரிமையாளர் பலர், வாசகர் வேறானவர், காலவரையறை உண்டு என்ற மூன்று நிபந்தனைகளும் ஒருங்கே பொருந்திவந்த நிகழ்ச்சி இது.

ஆயினும் ஒரு சிக்கல் இருந்தது. ‘ஜி20.ஆர்க்’ என்னும் முகவரி ஆண்டுதோறும் தலைமை வகிக்கும் நாட்டிற்குக் கைமாறிச் செல்வது. இந்தியத் தளம் முதலில் ‘ஜி20.இன்’ என்ற பெயரில் தொடங்கி, டிசம்பர் 1ஆம் நாள் பொது முகவரிக்கு மாறும் என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. தலைமை பிரேசிலுக்குச் சென்றதும் அந்தப் பொது முகவரியும் பிரேசிலுக்குச் சென்றுவிட்டது. அப்படியானால் 2023ஆம் ஆண்டின் ஆய்வுக் கட்டுரைகளிலும் அறிக்கைகளிலும் அடிக்குறிப்பாகத் தரப்பட்ட பொது முகவரிகளின் கதி என்ன? அவற்றைத் திறப்பவர் வேறொரு நாட்டின் தலைமைக் காலத் தளத்தில் போய் நிற்பார். 2023 செப்டம்பர் 9ஆம் நாள் ஏற்கப்பட்ட புதுதில்லிப் பிரகடனம் போன்ற அடிப்படை ஆவணம் வெளியுறவு அமைச்சகத்தின் நிலையான தளத்திலும் இடம்பெற்றிருப்பதன் அருமை இங்கேதான் புலனாகிறது. தற்காலிகத் தளம் ஓர் அரங்கம். ஆவணம் தங்கவேண்டிய இடம் நூலகம். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவதால் விளையும் இழப்பு உடனே தெரிவதில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் தேடும்போதுதான் தெரிகிறது.

திரும்பத் திரும்ப வரும் நிகழ்ச்சிகளுக்குப் பிரயாகையின் கும்பமேளா நல்ல பாடம். 2019ஆம் ஆண்டின் மேளாவுக்கும், 2025 ஜனவரி 13 முதல் பிப்ரவரி 26 வரை நடந்த மகா கும்பமேளாவுக்கும் ‘கும்ப்.கவ்.இன்’ என்ற ஒரே முகவரி பயன்பட்டது. ஆண்டைப் பெயரில் சேர்க்காதது விவேகமான செயல். ஆண்டைச் சேர்த்திருந்தால் ஒவ்வொரு முறையும் புதுப்பெயர் வேண்டியிருக்கும். பழைய பெயர் அனாதையாகும். 2025இல் கூடாரங்களையும் தங்குமிடங்களையும் முன்பதிவு செய்வதாகக் கூறிப் பணம் பறித்த போலித் தளங்கள் பற்றிக் காவல்துறை எச்சரிக்க நேர்ந்ததை இங்கு நினைவுகூர வேண்டும். யாத்திரிகர் தொலைதூரத்திலிருந்து வருபவர்; குடும்பத்துடன் வருபவர்; முன்பணம் கட்டிவிட்டு வருபவர். உண்மைத் தளம் ஒன்றே ஒன்றாக, மாறாத பெயருடன், அரசு முகவரியில் இருந்தால்தான் அவரிடம் ‘இதைத் தவிர வேறெதையும் நம்பாதீர்’ என்று சொல்ல முடியும். ஒரே நிகழ்ச்சிக்குச் சுற்றுலாத் துறை ஒன்று, மாவட்ட நிர்வாகம் ஒன்று, போக்குவரத்துக் கழகம் ஒன்று எனத் தளங்கள் பெருகினால், நான்காவதாக ஒரு மோசடிக்காரர் திறக்கும் தளம் அவற்றுள் எளிதாகக் கலந்துவிடும்.

பெயர் பற்றிய இந்தக் கவலை ‘ஹர் கர் திரங்கா’ இயக்கத்தின் தளத்தைப் பார்க்கும்போதும் எழுகிறது. 2022 ஆகஸ்ட் 13 முதல் 15 வரை வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றும் இயக்கத்திற்காக, கொடியுடன் எடுத்த படத்தைக் குடிமக்கள் பதிவேற்றும் வகையில் அது அமைந்தது. சில நாட்களில் கோடிக்கணக்கானோர் செய்யக்கூடிய ஒரே செயல். அருங்காட்சியகங்களையும் தொல்லியலையும் பற்றிப் பேசும் பண்பாட்டு அமைச்சகத்தின் தளத்தில் அதற்கு இடமில்லை. தனித்தளம் என்ற முடிவு சரியே; பிந்தைய ஆண்டுகளிலும் அதே முகவரியைப் பயன்படுத்தியதும் சரியே. ஆனால் அதன் முகவரி ‘.காம்’ என்று முடிகிறது. அத்தகைய பெயரை உலகில் எவரும் விலைக்கு வாங்கலாம். ஓரெழுத்து மாற்றி இன்னொருவர் வாங்கவும் தடையில்லை. டொமைன் பெயர் என்பது சொந்த மனையன்று, குத்தகை. தவணை கட்டத் தவறினால் அது சந்தைக்குச் சென்றுவிடும். சுவரொட்டியிலும் பாடப்புத்தகத்திலும் அச்சேறிய முகவரி பிற்பாடு சூதாட்ட விளம்பரத்திற்கு இட்டுச் செல்லுமானால், அதற்கு விளக்கம் சொல்லவேண்டியவர் அப்போது பதவியில் இருக்கும் அலுவலர். பெயரைப் பதிவு செய்தவர் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்.

சேவைத் தளத்தைப் பற்றியும் ஒரு சொல். கோவிட் தடுப்பூசிக்கான ‘கோவின்’ தளம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கிய தடுப்பூசி இயக்கத்தின் முதுகெலும்பாக இருந்தது. 2022 ஜூலையில் நாட்டில் செலுத்தப்பட்ட தவணைகள் 200 கோடியைத் தாண்டியபோது அவ்வளவு பெரிய கணக்கும் அதில்தான் இருந்தது. அதைச் சுகாதார அமைச்சகத்தின் தளத்திற்குள் ஒரு பகுதியாக அமைத்திருக்க முடியாது. ஆயினும் 2021 ஏப்ரல் 28 அன்று 18 வயது நிறைந்த அனைவருக்கும் பதிவு திறக்கப்பட்டபோது அத்தளத்தில் பிராந்திய மொழிகள் இல்லை. உச்ச நீதிமன்றம் மே 31ஆம் நாள் ஆணையில் டிஜிட்டல் வசதியற்றோர் பின்தள்ளப்படுவதைச் சுட்டிக்காட்டியது. பிற மொழிகள் பின்னரே சேர்ந்தன. தனித் தளம் எழுப்பும்போது, முதன்மைத் தளத்தில் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த மொழிபெயர்ப்பு, பார்வையற்றோருக்கான வசதி, உதவி எண் ஆகிய எதுவும் தாமாகக் கூட வருவதில்லை என்பதை இது காட்டுகிறது. ஒவ்வொன்றையும் மீண்டும் செய்யவேண்டும்.

இந்த மறுவேலையின் அளவைக் கோப்பில் எவரும் எழுதுவதில்லை. முன்மொழிவில் வடிவமைப்புக் கட்டணம் மட்டும் இருக்கும். சர்வரில் ஏற்றுமுன் செர்ட்-இன் அமைப்பின் பட்டியலில் உள்ள தணிக்கையாளரிடம் பாதுகாப்புத் தணிக்கை செய்யவேண்டும். மென்பொருளை மாற்றும்போது திரும்பவும் செய்யவேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் யாவருக்கும் எட்டவேண்டும் என்கிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் ஆகாது, கட்டாய விதிகளாகவே இருக்கவேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறது. உள்ளடக்கத்தை யார் தருவது, யார் சரிபார்ப்பது, எப்போது மறுபார்வையிடுவது, எப்போது காப்பகத்திற்கு அனுப்புவது என்ற கொள்கைகளை வழிகாட்டி நெறிமுறைகள் ஒவ்வொரு தளத்திற்கும் கேட்கின்றன. நான்கு பக்கச் சிறுதளமாயினும் இவற்றிலிருந்து விலக்கு இல்லை. ஆகவே சிறுதளம் சிறியதன்று. அதன் பக்கங்கள் மட்டுமே சிறியவை.

மற்ற நாடுகள் இதே வழியில் சென்று திரும்பியிருக்கின்றன. பிரிட்டிஷ் அரசு 2007 ஜனவரியில் தன் தளங்களைக் கணக்கெடுத்தபோது 951 இருந்தன. அவற்றில் 551ஐ மூடுவதென்றும் 26ஐ மட்டும் உறுதியாக வைத்துக்கொள்வதென்றும் அறிவித்தது. 2012 அக்டோபரில் ‘கவ்.யூகே’ என்ற ஒரே தளம் பழைய பொதுத் தளங்களின் இடத்தைப் பிடித்தது. அமெரிக்க அரசு 2011 ஜூனில் புதிய ‘.கவ்’ பெயர்கள் வழங்குவதை நிறுத்திவைத்தது. அப்போது அங்கே மைய அரசுக்கு ஏறத்தாழ 2,000 பெயர்கள் இருந்தன. இந்தியாவின் மொழிப் பன்மையும் கூட்டாட்சி அமைப்பும் அந்த ஒரே தள முறையை அப்படியே ஏற்க இடந்தரா. எனினும் கணக்கெடுத்துப் பார்த்தல் என்ற முதற்படிக்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு துறை தன் பெயரில் எத்தனை தளங்கள் இயங்குகின்றன என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பது பயனுள்ள அனுபவம்; பட்டியலில் இடம்பெறும் சில பெயர்களை அத்துறையினரே மறந்திருப்பார்கள்.

இனி ஒரு கற்பனையான கோப்பை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாநிலத்தின் குடிநீர் வாரியம் பருவமழைக்கு முன்னர் மழைநீர் சேகரிப்பு இயக்கம் ஒன்றைத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இயக்கத்திற்குக் கவர்ச்சியான பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அப்பெயரில் ஒரு டொமைன், 40 பக்கங்கள், ஆறு காணொளிகள், மூன்று மாதத்தில் நிறைவு என்று முன்மொழிவு வருகிறது.

இக்கோப்பில் முதலில் கேட்கவேண்டியது, இதைப் பார்க்க வருபவர் யார் என்பது. வீட்டு உரிமையாளர். அவர் ஏற்கனவே வாரியத்தின் தளத்தை அறிந்தவர். குடிநீர்க் கட்டணம் செலுத்த அங்கேதான் வருகிறார். அவருக்கு வேண்டியவை சில: கூரை நீரை எப்படி இறக்குவது, குழி எவ்வளவு ஆழம், செலவு என்ன, உதவித்தொகை உண்டா, எவரை அழைப்பது. இவ்வளவும் ஒரு பகுதியின் ஐந்தாறு பக்கங்களுக்குள் அடங்கும். மீதிப் பக்கங்கள் வாரியத்தின் தலைவர் செய்தி, இயக்கத்தின் நோக்கம், விழாப் படங்கள்.

அடுத்து, அதே தகவல் இரண்டு இடங்களில் இருக்கப்போகிறதா என்று பார்க்கவேண்டும். உதவித்தொகைக்கான படிவம் வாரியத்தின் தளத்திலும் இருக்கும், இயக்கத்தின் தளத்திலும் இருக்கும். மறு ஆண்டு படிவம் திருத்தப்படுகிறது. வாரியத்தின் தளத்தில் அது மாற்றப்படுகிறது. இயக்கத்தின் ஒப்பந்தம் முடிந்துவிட்டதால் அங்கே மாற்ற ஆளில்லை. தேடுபொறியோ இயக்கத்தின் பழைய பக்கத்தையே முதலில் காட்டிக்கொண்டிருக்கிறது, ஏனெனில் அதற்குத்தான் அதிகமான விளம்பரம் செய்யப்பட்டது. கிராமத்துப் பொதுச் சேவை மையத்தில் ஒரு கூலித் தொழிலாளி பழைய படிவத்தைப் பணம் கொடுத்து அச்சிட்டு, நிரப்பி, ஒருநாள் வேலையை விட்டுவிட்டுப் பேருந்தேறி அலுவலகத்திற்கு வருகிறார். ‘இந்தப் படிவம் செல்லாது’ என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். அவர் கையிலிருப்பது போலிப் படிவமன்று. வாரியம் தானே வெளியிட்டது. இந்தப் பிழை எந்தத் தணிக்கை அறிக்கையிலும் பதிவாகாது. ஒருநாள் கூலியாக, ஒரு பேருந்துக் கட்டணமாக, அரசின் மீது கொஞ்சம் குறைந்துபோன நம்பிக்கையாக அவரிடமே தங்கிவிடும்.

எனவே இக்கோப்பின்மீது தரவேண்டிய முடிவு: தனித் தளம் வேண்டாம், வாரியத்தின் தளத்தில் ஒரு பகுதி போதும். சுவரொட்டிக்கு எளிய முகவரி வேண்டும் என்ற விளம்பரப் பிரிவின் கோரிக்கை நியாயமானதே. அதற்காக ஒரு குறுகிய துணை முகவரியை அமைத்து, அதைத் திறப்பவர் நேரே அப்பகுதிக்குச் செல்லும்படி செய்யலாம். க்யூஆர் குறியீட்டையும் அதற்கே பொருத்தலாம். செலவு மிகச் சிறிது. படிவம் ஒரே இடத்தில் இருக்கும்.

அதே வாரியம் வேறொரு முன்மொழிவை அனுப்புகிறது என்று கொள்வோம். மழைக்காலத்தில் ஏரிகளின் நீர்மட்டம், நீர் திறப்பு, தாழ்வான பகுதிகள், நிவாரண முகாம்கள் ஆகியவற்றை ஒரே இடத்தில் காட்டும் தளம். பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை, மாநகராட்சி, தீயணைப்புத் துறை ஆகியவை சேர்ந்து தகவல் தரவேண்டும். கனமழை நாளில் நெரிசல் பன்மடங்கு உயரும். வாரியத்தின் கட்டணத் தளம் அந்நாளில் செயலிழந்தால் பாதகமில்லை, இத்தளம் செயலிழந்தால் உயிர்ச்சேதம் நேரலாம். இங்கே தனித் தளம் மறுக்கப்பட்டால் அதுவே பிழை. சிக்கனம் என்ற பெயரில் எல்லாத் தனித் தளங்களையும் மறுப்பது, கேட்டதையெல்லாம் அனுமதிப்பதைப் போலவே சிந்திக்காத செயல். ஆனால் இத்தளத்திற்கும் ஒரு கேள்வி உண்டு. நான்கு துறைகளின் தளம் என்றால், நள்ளிரவில் ஏரியின் நீர்மட்டம் தவறாகக் காட்டப்படும்போது திருத்தவேண்டியவர் யார்? கூட்டுப் பொறுப்பு என்ற விடை போதாது. ஒரு பதவியின் பெயர் வேண்டும்.

தளத்தை மூடுவது பற்றி வகுப்புகளில் குறைவாகவே பேசப்படுகிறது. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணினியால் உருவாக்கப்பட்டவற்றையும் பொது ஆவணங்களாகவே கொள்கிறது. ஆவணங்களை உருவாக்கும் ஒவ்வொரு மைய அரசு அலுவலகமும் ஆவண அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. காகிதக் கோப்பை அழிக்க வேண்டுமானால் பதிவேட்டில் எழுதி, கால அட்டவணையைப் பார்த்து, ஒப்பம் பெறவேண்டும் என்பதை எழுத்தர் ஒவ்வொருவரும் அறிவர். அதே அலுவலகம் ஓர் இணையதளத்தைக் கட்டணம் செலுத்தாமல் விட்டே அழித்துவிடுகிறது. பதிவேடும் இல்லை, ஒப்பமும் இல்லை. அதிலிருந்த அறிவிப்புகளும் பயனாளிகள் பட்டியலும் எங்கே என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒருவர் கேட்டால் தர எதுவும் இருக்காது.

ஆகவே அனுமதிக்கும் கோப்பிலேயே மூடும் ஏற்பாடும் இடம்பெறவேண்டும். எந்த நாளில் தளம் புதுப்பிக்கப்படாது என்று முகப்பில் அறிவிப்பது. நிலையான மதிப்புடைய ஆவணங்களை முதன்மைத் தளத்திற்கு மாற்றுவது. முழுப் பிரதி ஒன்றை ஆவண அலுவலரிடம் ஒப்படைப்பது. பழைய முகவரிகளைத் திறப்பவர் புதிய இடத்திற்குச் செல்லும்படி செய்வது. டொமைன் பெயரை மேலும் சில ஆண்டுகளுக்கு நிறுவனத்தின் பெயரிலேயே, ஒப்பந்ததாரரின் பெயரில் அல்ல, புதுப்பித்து வருவது. வெள்ளத் தகவல் தளத்திற்கான குறிப்பில் மேலாண்மை இயக்குநர் கையொப்பமிடும் இடத்திற்கு மேலே மூன்று வரிகள் நிரப்பப்பட்டிருக்க வேண்டும்: பொறுப்பு அலுவலரின் பதவி, அடுத்த மறுபார்வையின் தேதி, புதுப்பித்தல் கட்டணம் எந்தக் கணக்குத் தலைப்பில் செலுத்தப்படும் என்ற விவரம். மூன்றில் ஒன்று வெற்றிடமாக இருந்தாலும் கோப்பைப் பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.